நிலக்கரி விட்டுச்சென்ற ஏரிகள்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து தென்கிழக்கே ஏர் ஆற்றைத் தொடர்ந்து போனால், காசல்ஃபோர்டைத் தாண்டி ஃபேர்பர்ன் கிராமம் வரைக்கும் இன்றைய வரைபடத்தில் நீலத் திட்டுகள் வரிசையாகத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வரையப்பட்ட நில அளவை வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்தால், அந்த ஏரிகளில் பெரும்பாலானவை அதில் இருக்காது. மழைக்காலத்தில் ஆறு ஏறி இறங்கும் புல்வெளிகளும், வைக்கோலுக்காக அறுக்கப்படும் வயல்களும், அவற்றுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்களும்தாம் இருக்கும். நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் இந்தப் பள்ளத்தாக்கில் இவ்வளவு தண்ணீர் தேங்கியதற்குக் காரணம் மழையும் அல்ல, ஆறும் அல்ல. நிலத்துக்கு அடியிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட நிலக்கரி. இந்த இரண்டு வரைபடங்களையும் பார்த்த பிறகுதான், உட்லெஸ்ஃபோர்டு ரயில் நிலையத்தில் இறங்கி ஃபேர்பர்ன் வரை நடந்து, காசல்ஃபோர்டுக்குத் திரும்பி வருவதென்று ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு நாளை ஒதுக்கினேன்.

ஏரிகள் எப்படி உண்டாயின என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அது தெரியாமல் நடப்பவருக்கு இது வெறும் அழகான நீர்நிலமாக மட்டுமே தெரியும். இந்த வட்டாரத்துச் சுரங்கங்களில் இருபதாம் நூற்றாண்டில் பரவலாகப் பின்பற்றப்பட்டது நீள்முக வெட்டு முறை. ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் கனமுள்ள நிலக்கரி அடுக்கை நூற்றுக்கணக்கான மீட்டர் அகலத்துக்கு ஒரே முகமாக வெட்டிக்கொண்டு முன்னேறுவார்கள். முட்டுக்கொடுத்த தாங்கிகளை முன்னால் நகர்த்தியதும், பின்னால் விட்டுவந்த வெற்றிடத்தின் கூரை தானே இடிந்து விழும். அந்த இடிவு மேல்நோக்கிப் படிப்படியாகப் பரவி, சில மாதங்களில் தரைமட்டத்தை எட்டும். எடுக்கப்பட்ட அடுக்கின் கனத்தில் பெரும்பகுதி அளவுக்குத் தரையும் தாழ்ந்துவிடும். ஹே மூர், சில்க்ஸ்டோன், பீஸ்டன் என்று ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்த அடுக்குகளைத் தலைமுறை தலைமுறையாக எடுத்தபோது இந்தத் தாழ்வுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. குன்றின்மேல் நிலம் இரண்டு மீட்டர் தாழ்ந்தால் சுவரில் விரிசல் விழும், சாலை கோணும், அவ்வளவுதான். ஆற்றின் வெள்ளச் சமவெளியிலோ தரைக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே இருக்கும் இடைவெளியே ஒரு மீட்டர்தான். அங்கே நிலம் தாழ்ந்தால் தண்ணீர் மேலே வந்து நின்றுவிடும், பிறகு போகாது.

உட்லெஸ்ஃபோர்டில் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே ஏர்–கால்டர் நீர்வழியின் கரைப்பாதை தொடங்குகிறது. முன்பு குதிரைகள் படகிழுத்துச் சென்ற இந்தப் பாதையில் இப்போது மிதிவண்டிகளும் நாய்களுடன் நடப்பவர்களும் போகிறார்கள். கால்வாய்க்கும் ஆற்றுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்துண்டு. சில இடங்களில் இரண்டையும் ஒரே பார்வையில் பிடித்துவிடலாம். கால்வாய் அசையாமல் கிடக்கிறது. ஆறு தன் வேகத்தில் போகிறது. இந்த நீர்வழியில்தான் 1860-களிலிருந்து ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு ‘டாம் புட்டிங்’ எனப்பட்ட இரும்புத் தொட்டிப் படகுகள் நிலக்கரியைக் கூல் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றன. வில்லியம் பார்தாலமியூ என்ற பொறியாளரின் ஏற்பாடு அது. சதுரத் தொட்டிகளை ரயில்பெட்டிகளைப் போல ஒன்றோடொன்று கோத்து ஒரே இழுபடகு இழுத்துச் செல்லும். துறைமுகத்தில் நீராற்றலால் இயங்கும் பெரிய தூக்கி ஒவ்வொரு தொட்டியையும் அப்படியே உயர்த்திக் கப்பலுக்குள் கவிழ்க்கும். மண்வெட்டியால் அள்ளிப் போடும் வேலை ஒரேயடியாக இல்லாமல் போனது. இன்று அந்தக் கால்வாயில் நான் கண்டவை பூத்தொட்டிகள் வைத்த குடியிருப்புப் படகுகள் மட்டுமே.

பாதையோரத்து முள்மரங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அப்போதுதான் வெள்ளைப் பூ விடத் தொடங்கியிருந்த அந்தச் செடிகளின் கிளைகளில், என் தோள் உயரத்தில், காய்ந்த வைக்கோலும் நாணல் தண்டுகளும் கிழிந்த பிளாஸ்டிக் துண்டுகளும் ஒரே மட்டத்தில் சிக்கிக் கிடந்தன. ஒரு செடியில் ஒரு குழந்தையின் காலணி. எல்லாக் கிளைகளிலும் அவை கீழ்நோக்கி ஆறு போகும் திசையில் சீவிவிட்டதுபோல் சாய்ந்திருந்தன. குளிர்கால வெள்ளம் எந்த உயரத்தில் எந்தப் பக்கம் போனது என்பதற்கு இதைவிடத் துல்லியமான அளவுகோல் வேண்டியதில்லை. நான் நின்றிருந்த பாதை அன்று தண்ணீருக்குள் இருந்திருக்கிறது. 2015 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஏர் ஆறு பெருகி லீட்ஸ் நகரத்துக்குள் புகுந்ததை அந்நகரத்தவர் இன்னும் மறக்கவில்லை. அத்தகைய நாள்களில் நகரத்தைத் தாண்டி வரும் தண்ணீர் விரிந்து நிற்பதற்கு இடம் வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த புல்வெளிகள் அந்த இடத்தைத் தருகின்றன. வெள்ளச் சமவெளி என்பது ஆற்றுக்கு வெளியே இருக்கும் நிலமன்று. ஆண்டில் சில நாள்கள் மட்டும் ஆறு பயன்படுத்திக்கொள்ளும் அதன் படுகையே அது. வீடு கட்ட நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எல்லா நாட்டிலும் கடினமாகத்தான் இருக்கிறது.

லெமன்ராய்டு நீர்ப்பூட்டை அடைந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. படகுகளை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு இறக்கும் இந்தப் பூட்டின் விளிம்பில் நின்று கீழே பார்த்தால் கொஞ்சம் தலைசுற்றும். அவ்வளவு ஆழம். முன்பு இரண்டு பூட்டுகள் செய்த வேலையை இந்த ஒன்று செய்கிறது. அப்படி ஒரு மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதுதான் இந்தப் பள்ளத்தாக்கின் மிகப் பெரிய கதை.

ஆற்றின் வடகரையில், பல பத்தாண்டுகளாகத் தோண்டப்பட்டுவந்த செயின்ட் ஏடன்ஸ் திறந்தவெளிச் சுரங்கம் இருந்தது. மண்ணையும் பாறையையும் நீக்கி, அடியில் இருக்கும் நிலக்கரியை மேலிருந்தே அள்ளும் வகை. ஆற்றுக்கும் கால்வாய்க்கும் மிக அருகில், அவற்றின் மட்டத்துக்கு வெகு கீழே, பெரும் பள்ளமொன்று வாய்பிளந்து கிடந்தது. 1988 மார்ச்சில் அந்தப் பக்கத்துச் சரிவு நழுவியது. அதோடு கரையும் உடைந்தது. கால்வாயும் ஆறும் சேர்ந்து சுரங்கத்துக்குள் கொட்டின. கீழ்நோக்கி ஓடவேண்டிய தண்ணீர்கூடத் திரும்பி மேல்நோக்கி ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. எல்லாம் அடங்கியபோது நூறு ஹெக்டேர் பரப்பும், ஆழமான இடத்தில் எழுபது மீட்டர் அளவும் கொண்ட ஏரி அங்கே இருந்தது. யாரும் இறக்கவில்லை என்பது பெரிய ஆறுதல். நீர் வடிந்த பழைய ஆற்றுப் படுகையில், பல தலைமுறைகளாகச் சேற்றில் புதைந்திருந்த மரப்படகுகளின் எச்சங்கள் வெளிப்பட்டன.

அடியில் இன்னும் நிலக்கரி இருந்தது, அதை விட்டுவிட மனமில்லை. அதனால் ஆற்றையே நகர்த்தினார்கள். நாடாளுமன்றத்தில் 1992-இல் தனிச்சட்டம் இயற்றி, சுமார் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறும் நீர்வழியும் புதிய தடத்துக்கு மாற்றப்பட்டன. லெமன்ராய்டின் இந்த ஆழமான பூட்டு அந்த வேலையின் பகுதி. பிறகு ஏரியை இறைத்துக் காலிசெய்து, எஞ்சியிருந்த நிலக்கரியை 2002 வரை எடுத்தார்கள். நான் நடந்துகொண்டிருந்த ஆற்றங்கரைக்கு வயது முப்பதுதான் என்று நினைத்தபோது, அதன்மேல் வேரூன்றி நின்ற வில்லோ மரங்களின் பருமனை வேறு கண்ணோடு பார்த்தேன். வளைவுகளில் மணல்திட்டு சேர்ந்திருந்தது; வெளிக்கரை அரித்திருந்தது. முப்பது ஆண்டுகளில் ஆறு அந்தத் தடத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

ஆற்றைக் கடந்து செயின்ட் ஏடன்ஸுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது பறவையல்ல, எந்திரம். மேட்டில் தனியாக நிற்கும் நடக்கும் டிராக்லைன் அது. நீண்ட கையிலிருந்து கம்பிவடத்தில் தொங்கும் பெரிய வாளியை வீசி மண்ணை இழுத்து அள்ளும் வகை எந்திரம். சக்கரமோ சங்கிலிப்பட்டையோ இல்லாமல் இரண்டு இரும்புப் பாதங்களால் அடியெடுத்து நகரும். 1940-களில் அமெரிக்காவில் பியூசைரஸ்–ஈரி நிறுவனம் கட்டியது. எடை சுமார் 1,200 டன். பிரிட்டனில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இதற்கு வேண்டியதோ 60 ஹெர்ட்ஸ். மற்ற எந்திரங்களோடு ஒத்துப்போகாததால் ‘ஆட்பால்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தன்னார்வலர்கள் பழுது நீக்கி, வண்ணம் பூசிப் பராமரிக்கிறார்கள். அதன் இரும்புச் சந்துகளில் சிறிய ஆந்தைகள் குடியிருப்பது இங்கு வருபவர்களுக்கெல்லாம் தெரியும். நான் போனபோது ஒன்று, கைப்பிடிக் கம்பிக்கு மேலே, சாம்பல்பழுப்பு இறகை உப்பிக்கொண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கீழே நின்ற என்னை ஒரு முறை குனிந்து பார்த்தது, பிறகு பொருட்படுத்தவில்லை. இந்த எந்திரத்தைப் பழைய இரும்புக்கு விற்றுவிடாமல் நிறுத்திவைத்தவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். இது இல்லாவிட்டால் எதிரே விரிந்திருக்கும் நாணற்காட்டைப் பார்த்து, இது எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நம்பிவிடுவது மிக எளிது.

இங்கே நிலம் ஆற்றைவிடத் தாழ்வாக இருக்கிறது. கரைமேல் நடக்கும்போது ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் அதற்குக் கீழே ஏரிகளும் நாணலும். சுரங்கம் முடிந்ததும் பள்ளத்தை எப்படி நிரப்புவது, எங்கே ஆழம் வைப்பது, எங்கே தீவு விடுவது என்பதெல்லாம் திட்டமிட்டு வடிக்கப்பட்டவை. இப்போது அரசப் பறவைப் பாதுகாப்புச் சங்கம் இதைப் பார்த்துக்கொள்கிறது. நாணலுக்கு நடுவே போகும் பாதையில் நின்றிருந்தபோது, காலிப் பானையின் வாயில் ஊதினால் எழும் ஒலியைப் போன்ற ஒன்று, தாழ்ந்த சுதியில், மூன்று முறை கேட்டது. குருகு. நாணலுக்குள் மறைந்து வாழும் இந்தப் பெருங்குருகின் அழைப்பு அமைதியான காலையில் சில கிலோமீட்டர் வரை கேட்கும் என்பார்கள். பறவையைப் பார்ப்பது அரிது. 1997-இல் பிரிட்டன் முழுவதிலும் இப்படிக் குரலெழுப்பும் ஆண் குருகுகள் பதினொன்றுதான் எஞ்சியிருந்தன. அவை வாழும் நாணற்காடுகள் வறண்டும் சுருங்கியும் போனதுதான் காரணம். அதன்பின் திட்டமிட்டு நாணற்காடுகளை உருவாக்கியதால் இன்று அந்த எண்ணிக்கை இருநூறைத் தாண்டிவிட்டது. புதிதாக உருவாக்கிய அந்த நாணல் நிலங்களில் பல, தோண்டிக் கைவிடப்பட்ட இடங்கள்தாம்.

ஏரியின் நடுத்திட்டுகளில் கருந்தலைக் கடற்காகங்களின் இரைச்சல் காதைப் பிளந்தது. அந்த இரைச்சலுக்குள் கருங்கழுத்து முக்குளிப்பான்கள் கூடுகட்டுகின்றன. சண்டைக்காரக் கடற்காகங்களின் நடுவே இருந்தால் கூட்டைத் திருட வருபவற்றை அவை விரட்டிவிடும் என்பது கணக்கு. இருநோக்கியில் ஒன்றைப் பிடித்தேன். கறுத்த கழுத்து, செங்கல்நிறப் பக்கங்கள், கண்ணுக்குப் பின்னால் பொன்னிற இறகு விசிறி, குருதிச்சிவப்புக் கண். நீரில் மூழ்கியது, நான் எதிர்பார்த்த இடத்தில் எழாமல் வேறெங்கோ எழுந்தது. பிரிட்டனில் இப்பறவை கூடுகட்டும் இடங்கள் மிகச் சில. அவற்றில் முதன்மையானவற்றுள் ஒன்று இந்தப் பழைய நிலக்கரிக் குழி.

அங்கிருந்து கிழக்கே ஆலர்டன் பைவாட்டர். இங்கிருந்த சுரங்கம் 1992-இல் மூடப்பட்டது. அது இருந்த நிலத்தில் இப்போது புதிய வீடுகள், சீரான தெருக்கள். 1984 மார்ச்சிலிருந்து ஓராண்டு நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றபிறகு, இந்த வட்டாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஃப்ரைஸ்டன் 1985, கிளாஸ்ஹௌட்டன் 1986, வீல்டேல் 1987. கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த கெல்லிங்லிதான் கடைசிவரை நின்றது. பிரிட்டனின் கடைசிப் பெரிய ஆழ்சுரங்கமான அது 2015 டிசம்பரில் மூடப்பட்டது. இந்தப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில், தொழிலாளர்களை இறக்கி ஏற்றிய கோபுரத்தின் சக்கரத்தைப் பாதியாக வெட்டித் தரையில் நட்டு நினைவுச்சின்னமாக வைத்திருப்பார்கள். அதைச் சுற்றிப் பூச்செடி இருக்கும். பக்கத்தில் பேருந்து நிறுத்தம் இருக்கும்.

ஆற்றோரப் பெஞ்சில் நாயோடு அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், என் தோள்பையையும் சேற்றுக் காலணியையும் பார்த்துவிட்டு, யார்க்‌ஷயரில் தெரியாதவரையும் அழைக்கும் முறைப்படி “லவ், எங்கே போகிறாய்?” என்று கேட்டார். ஃபேர்பர்ன் என்றேன்.

“கரண்டிவாயன் பறவை பார்க்கவா?”

“அதையும் பார்க்கத்தான். ஏரியையும் பார்க்க வேண்டும்.”

“அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் என் இருபது வயதெல்லாம் போனது” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, இடத்தைச் சுட்டிக்காட்டுவதுபோலச் சொன்னார். சுரங்கத்துக்குப் போன காலத்தில் ஆற்றோரம் ஒரு வயலின் வேலியைக் கவனித்து வந்திருக்கிறார். முதலில் வயலின் மூலையில் குட்டை. அடுத்த ஆண்டு வேலியின் கீழ்க்கம்பி தண்ணீரில். பிறகு கம்பங்களின் தலை மட்டும். மாடு மேய்த்தவர் கடைசியில் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். “நாங்கள் எந்தத் திசையில் வெட்டிக்கொண்டு போகிறோம் என்பதை மேலே பார்த்தே சொல்லிவிடலாம்” என்றார். சுரங்கம் மூடிய பின் கிடங்கில் வேலை பார்த்தார்; அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. குருகு கத்தியதா என்று கேட்டார். கத்தியது, மூன்று முறை என்றேன். தலையை ஆட்டி, அதன் இடத்தைச் சரியாகச் சொன்னார்.

ஃபேர்பர்ன் இங்ஸில் அவர் சொன்னதைக் கண்ணால் பார்க்கலாம். ‘இங்ஸ்’ என்றால் இந்தப் பக்கத்து வழக்கில் ஆற்றோரப் புல்வெளிகள். புல்வெளி போய்ப் பெயர் மட்டும் ஏரிக்கு வந்துவிட்டது. செயின்ட் ஏடன்ஸைப் போல இதை யாரும் திட்டமிட்டு வடிக்கவில்லை. கீழே வெட்டிய போக்கில் மேலே உருவானது. அதனால் இதன் கரைகள் ஒழுங்கற்றவை. சில இடங்களில் பழைய வேலி வரிசையின் நேர்கோடு தண்ணீருக்குள் போய் முடிகிறது. சில இடங்களில் பட்டுப்போன மரங்கள் முழங்கால் நீரில் நிற்கின்றன. 1957-இலேயே இது உள்ளூர் இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பக்கத்தில் சுரங்கங்கள் முழுவீச்சில் இயங்கிக்கொண்டிருந்த காலம் அது. அப்போதே இந்தக் கறுத்த தண்ணீரில் வந்திறங்கும் வாத்துகளைக் கணக்கெடுத்து, இது காக்க வேண்டிய இடம் என்று வாதாடிய உள்ளூர் பறவை ஆர்வலர்களின் கண்ணை நான் வியக்கிறேன். 1976 முதல் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. 2017-இல் கரண்டிவாயன்கள் இங்கே முதன்முறையாகக் குஞ்சு பொரித்தன. நான் போன அன்று இரண்டு, வெள்ளையாக, நாரைகளின் மரத்தில் அலகை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. பறவை பார்க்க வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். அரைமணி நேரம் காத்திருந்தும் அந்த அலகை எனக்கும் காட்டவில்லை.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது ஏரியன்று, கழிவு மேடுகள். நிலக்கரியோடு சேர்ந்து மேலே வந்த பாறைக்கழிவையும், கழுவிய சேற்றையும் ஏரிக்கும் ஆற்றுக்கும் நடுவே பல பத்தாண்டுகள் கொட்டிக் குவித்திருக்கிறார்கள். இப்போது அதன்மேல் பிர்ச் மரங்களும் ஆல்டர் மரங்களும் நெருங்கி வளர்ந்திருக்கின்றன. பாதையில் கால் சறுக்கிய இடத்தில் மேல்மண் விலகி, கரிய களிப்பாறைச் செதில்கள் தெரிந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தேன். உள்ளே, ஒரு விரல் நீளத்துக்குப் பெரணியிலையின் அச்சு, நடுநரம்பும் சிற்றிலைகளும் தெளிவாக. முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்த நிலம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தபோது, பெரிய ஆறுகள் கடலில் கலக்கும் சதுப்புகளில் வளர்ந்த காட்டின் இலை. ஆறு பெருகும்போதெல்லாம் சேறு அந்தக் காட்டை மூடியது; சேற்றின்மேல் மீண்டும் காடு; மீண்டும் வெள்ளம். அப்படித்தான் அடுக்கடுக்காக நிலக்கரியும் களிப்பாறையும் மாறிமாறிப் படிந்தன. சுரங்கக்காரர்கள் எடுத்ததே ஒரு வெள்ளச் சமவெளியைத்தான். செதிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இந்தக் கழிவு எதற்கும் எளிதில் இடம்கொடுக்கும் மண் இல்லை. அதில் இருக்கும் இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டதும் அமிலமாகும். புல்கூட முளைக்க மறுக்கும். பிர்ச் மட்டும் துணிந்து முதலில் வரும். ஆல்டர், வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துத் தன் உரத்தைத் தானே செய்துகொள்ளும். இருபது முப்பது ஆண்டுகளில் அவை அடர்ந்த, ஈரமான, இளமரக் காடாகின்றன. அங்கேதான் வில்லோ டிட் என்ற, கையளவுகூட இல்லாத, கருந்தொப்பிச் சிறுபறவை வாழ்கிறது. 1970 முதல் பிரிட்டனில் அதன் எண்ணிக்கையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் போய்விட்டது. மற்றச் சிட்டுகளைப் போல் கிடைத்த பொந்தில் குடியேறாமல், மட்கிய பிர்ச் அல்லது ஆல்டர் தண்டைத் தன் சிறிய அலகால் தானே குடைந்து கூடு செய்யும் பழக்கம் அதற்கு. நன்கு பராமரிக்கப்பட்ட பூங்காவில் மட்கிய மரம் நிற்க விடமாட்டார்கள். பழைய காடுகளில் இளமரப் புதர் இருக்காது. ஆகவே பிரிட்டனில் அதற்கு எஞ்சியிருக்கும் முக்கியப் புகலிடங்கள் பழைய நிலக்கரி வட்டாரங்கள். யாருக்கும் வேண்டாமல் விட்டுவைக்கப்பட்ட நிலம் அதற்குத் தேவைப்பட்டது. அதன் மூக்கடைத்தாற்போன்ற ‘ச்சேர், ச்சேர்’ குரலை ஒரு முறை கேட்டேன், பறவையைக் காணவில்லை.

இத்தகைய இடங்களைப் பற்றி எழுதுபவர்கள், ‘இயற்கை தன் நிலத்தை மீட்டுக்கொண்டது’ என்று முடித்துவிடுகிறார்கள். நாளெல்லாம் இங்கே நடந்த எனக்கு அந்த வாக்கியம் கோபத்தைத் தருகிறது. மீட்டுக்கொள்ள இந்த ஏரிகள் முன்பு இருக்கவில்லை. இவற்றின் ஒவ்வொரு கரையும், ஒரு மனிதர் முழங்காலிட்டு எந்த அடுக்கை எதுவரை வெட்டினார் என்பதால் தீர்மானிக்கப்பட்டது. அது மட்டுமல்ல, விட்டுவிட்டால் இவை நிலைக்கவும் மாட்டா. நாணலை வெட்டாவிட்டால் சில பத்தாண்டுகளில் ஏரி தூர்ந்து வில்லோக் காடாகும், குருகு போய்விடும். இளமரங்களைப் பகுதி பகுதியாக வெட்டித் தளிர்க்கவிடாவிட்டால் கழிவு மேட்டுக் காடு முதிர்ந்து, வில்லோ டிட் போய்விடும். நீர்மட்டத்தை மதகு வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடிய சுரங்கங்களுக்குள் இறைப்பு நின்றதும் ஏறிவரும் இரும்புச்சத்து மிகுந்த நீரை நாடெங்கும் பல இடங்களில் தொட்டிகளிலும் நாணற்படுகைகளிலும் தேக்கித் தெளியவைத்த பிறகே ஆறுகளில் விடுகிறார்கள். அதற்கென்றே ஓர் அரசு ஆணையம் இருக்கிறது. இத்தனை உழைப்பும் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. சுரங்கம் மூடப்பட்டது, ஆனால் சுரங்க வேலை இன்னும் முடியவில்லை என்றே நான் சொல்வேன். மறுபக்கம், பறவைகளுக்குத் திட்டம் போட்ட அளவு கவனத்தோடு, வேலையிழந்த அந்தக் குடும்பங்களுக்கும் யாராவது முப்பது ஆண்டுத் திட்டம் போட்டிருந்தால் இந்த ஊர்களின் கடைத்தெரு வேறு மாதிரி இருந்திருக்கும்.

கழிவு மேட்டின் உச்சியிலிருந்து தென்கிழக்கே பார்த்தால் அடிவானம் வெறுமையாக இருக்கிறது. ஃபெர்ரிபிரிட்ஜ் அனல்மின் நிலையத்தின் எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்கள் அங்கே நின்றிருந்தன. கட்டி முடிக்கும் தறுவாயில், 1965 நவம்பர் 1-ஆம் தேதி அடித்த காற்றில் அவற்றில் மூன்று இடிந்து விழுந்தன. முன்வரிசைக் கோபுரங்களைத் தாண்டிய காற்று சுழன்று பின்வரிசையைத் தாக்கியதும், கணநேர வீச்சைக் கணக்கில் எடுக்காமல் சராசரிக் காற்றழுத்தத்துக்கு வடிவமைத்ததும் காரணங்கள்; உலகெங்கும் கோபுரக் கட்டுமான விதிகள் அதன்பின் மாறின. மீண்டும் கட்டி, அரைநூற்றாண்டு ஓடிய அந்த நிலையம் 2016-இல் நின்றது. கடைசி மூன்று கோபுரங்களை 2022 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் நிலக்கரி இதே நீர்வழியில் படகேறி, சில கிலோமீட்டர் கீழே போய் மின்சாரமானது. 2024 செப்டம்பர் 30-இல் நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. புவி சூடாவதை அறிந்த ஒருவனாக நான் அதை வரவேற்கிறேன். அந்த நிலக்கரியை வெட்டியவர்களை அந்த வரவேற்பில் மறந்துவிடக்கூடாது என்றும் விரும்புகிறேன்.

வந்த வழியே சற்றுத் திரும்பி, தெற்கே இறங்கி, ஏரும் கால்டரும் கலக்கும் காசல்ஃபோர்டுக்கு மாலையில் வந்து சேர்ந்தேன். சிற்பி ஹென்றி மூர் 1898-இல் பிறந்த ஊர். அவருடைய தந்தை வீல்டேல் சுரங்கத்தில் உழைத்தவர். பிள்ளைகள் நிலத்துக்கு அடியில் போகக்கூடாது என்று படிக்கவைத்தவர். இரண்டாம் உலகப்போரின்போது போர்க்கால ஓவியராகச் சுரங்கத் தொழிலாளர்களை வரைய மூர் அனுப்பப்பட்டார். அவர் தேர்ந்தெடுத்தது வீல்டேலை. குறுகிய சந்தில் படுத்தும் முழங்காலிட்டும் வெட்டும் உடல்களை, இருட்டிலிருந்து பிரித்தெடுப்பதுபோல வரைந்திருக்கிறார். நாளெல்லாம் மேலே நடந்தவர்கள் அந்த ஓவியங்களை ஒரு முறை தேடிப் பார்க்க வேண்டும். மேலே இவ்வளவு தண்ணீர் தேங்கக் கீழே என்ன நடந்தது என்பது அவற்றில் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். முழுத் தொலைவும் சேர்ந்து இருபது கிலோமீட்டரைத் தாண்டும். தரை பெரும்பாலும் சமம், ஆனால் மழைக்குப் பின் கழிவு மேட்டுப் பாதை வழுக்கும். குளிர்காலத்தில் ஆறு பெருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், கரையோரப் பாதைகள் தண்ணீரில் மூழ்கிவிடும். குருகின் குரலுக்கு மார்ச்சிலிருந்து ஜூன் தொடக்கம் வரை அதிகாலை சரியான நேரம். ஒரு நாளில் முழுவதும் நடக்க முடியாதவர்கள் உட்லெஸ்ஃபோர்டிலிருந்து செயின்ட் ஏடன்ஸ் வரை போய்த் திரும்பலாம். ஃபேர்பர்ன் வரை போகிறவர்கள் ஏரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், கழிவு மேட்டின் மேலும் ஏறிப் பாருங்கள்.